டான் கோசாக் படை மாகாணத்தின் வரலாற்றைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி

ரஷ்யப் பேரரசில், டான் ஆற்றுப் பகுதியில் 1870 முதல் இருந்த ‘ஓப்லஸ்து வோய்ஸ்கா தொன்ஸ்கோவோ’ பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பெயரின் நடுவே நிற்கும் சொல்லைக் கவனிக்காமல் ‘டான் மாகாணம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஓப்லஸ்து என்றால் மாகாணம், வோய்ஸ்கோ என்றால் படை. ஆகவே இது டான் படையின் மாகாணம்.

படை என்பது ஆட்கள், அதாவது கோசாக்குகள். பிறப்பால் வருகிற, சலுகையும் கடமையும் சேர்ந்த ஒரு சமூக அடுக்கு. மாகாணம் என்பது வரைபடத்தில் போட்ட எல்லை. இந்த எல்லைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் கோசாக்குகள் இல்லை. 1897 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாகாணத்தின் மொத்த மக்கள் 25,64,238 பேர். அவர்களில் கோசாக் அடுக்கைச் சேர்ந்தவர்கள் சுமார் 40 விழுக்காடுதான். மீதிப் பேர் குடியானவர்கள், நகரவாசிகள், சுரங்கத் தொழிலாளர்கள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள். “25 லட்சம் கோசாக்குகள் வாழ்ந்த மாகாணம்” என்று எழுதிவிட்டால் அடுத்து வரும் எல்லாக் கணக்கும் தப்பாகிவிடும். எழுதும் ஒவ்வொரு வாக்கியத்திலும் இது படையைப் பற்றியதா, மாகாணத்தைப் பற்றியதா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லா வேலைக்கும் இந்தக் கேள்விதான் அடிப்படை.

தொடங்கும் முன் எழுத்துக்கூட்டலையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். தமிழில் ‘கசாக்’ என்று எழுதினால் வாசகருக்குக் கசகஸ்தான்தான் நினைவுக்கு வரும். டான் ஆற்றுக்காரர்களைக் ‘கோசாக்’ என்றும் மத்திய ஆசிய மக்களைக் ‘கசாக்’ என்றும் பிரித்துக்கொண்டு, கடைசிவரை மாற்றாமல் எழுதுங்கள்.

ஆண்டுக்கு ஏற்ற பெயர்

ஒரே நிலத்துக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பெயர். நெப்போலியனோடு நடந்த 1812 போரைப் பற்றி எழுதும்போது ‘ஓப்லஸ்து’ என்று போட்டால் அது பிழை.

1570 ஜனவரி 3 தேதியிட்ட, நான்காம் இவான் டான் கோசாக்குகளுக்கு அனுப்பிய கடிதத்தைத்தான் டான் படையின் தொடக்கமாக வழக்கத்தில் கொள்கிறார்கள். அப்போது மாகாணமும் கிடையாது, ஆளுநரும் கிடையாது. அதற்குப் பிறகு 1786 வரையிலும் ‘டான் படை’ என்று மட்டும் சொன்னால் போதும். 1786 முதல் 1870 வரை ‘டான் படையின் நிலம்’, ரஷ்யனில் செம்லியா வோய்ஸ்கா தொன்ஸ்கோவோ. 1870 மே மாதத்திலிருந்து ‘டான் படை மாகாணம்’. 1918 மே மாதம் கிராஸ்னோவ் அத்தமானாக, அதாவது படைத் தலைவராக, தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு ‘அனைத்துப் பெரும் டான் படை’ என்ற பழைய பெயர் ஒரு தனி அரசின் பெயராக மீண்டும் வருகிறது. 1920இல் செஞ்சேனை வென்ற பின் படை என்ற சொல் விழுந்து வெறும் ‘டான் மாகாணம்’ மிஞ்சுகிறது. 1924இல் அதையும் கலைத்துத் தென்கிழக்கு மாகாணத்தோடு சேர்த்துவிட்டார்கள். படை என்ற சொல் எப்போது சேர்கிறது, எப்போது விழுகிறது என்பதே அந்த நிலத்தின் அரசியல் வரலாறு. மொழிபெயர்க்கும்போது அதை விழுங்கிவிடாதீர்கள்.

தேதிகளை மாற்றுவது

அதிகப் பிழை இங்கேதான் நடக்கிறது. பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலையும் இதுதான்.

1918 பிப்ரவரி வரை ரஷ்ய அரசு ஆவணங்கள் ஜூலியன் நாள்காட்டியில் இருக்கும். நம் நாள்காட்டிக்குக் கொண்டுவர 17ஆம் நூற்றாண்டுத் தேதியோடு 10 நாளும், 18ஆம் நூற்றாண்டில் 11 நாளும், 19ஆம் நூற்றாண்டில் 12 நாளும், 20ஆம் நூற்றாண்டில் 13 நாளும் கூட்டுங்கள். நூற்றாண்டு மாறும் ஆண்டில் ஜூலியன் பிப்ரவரி 29ஆம் தேதியைத் தாண்டிய பிறகுதான் கூடுதல் நாள் சேரும். உதாரணமாக, 1801 தொடக்கத்தில் பேரரசர் முதலாம் பால், டான் அத்தமான் வசீலி ஓர்லோவை 22,507 கோசாக்குகளோடு இந்தியாவை நோக்கிப் புறப்படச் சொன்னார். மார்ச் 11 இரவு பால் கொல்லப்பட்டதும் புதிய பேரரசர் அலெக்சாண்டர் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டார். அந்த மார்ச் 11 நம் நாள்காட்டியில் மார்ச் 23. முந்தைய நூற்றாண்டின் 11 நாளைக் கூட்டினால் ஒரு நாள் குறையும்.

1700க்கு முந்தைய ஆவணங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆண்டை உலகம் படைக்கப்பட்ட காலத்திலிருந்து எண்ணுவார்கள். புத்தாண்டு செப்டம்பர் 1. ஆகவே ஜனவரி முதல் ஆகஸ்டு வரையிலான தேதிக்கு 5508ஐயும், செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான தேதிக்கு 5509ஐயும் கழிக்க வேண்டும். இவானின் கடிதத்தில் உள்ள ஆண்டு 7078. ஜனவரி என்பதால் 5508 கழித்தால் 1570 வந்துவிடும்.

இதைப் பழகிக்கொள்ள அசோவ் முற்றுகை நல்ல பயிற்சி. 1637இல் டான் கோசாக்குகள் துருக்கியரின் அசோவ் கோட்டையைப் பிடித்தார்கள். 1641 ஜூனில் துருக்கியப் படை வந்து முற்றுகையிட்டு, செப்டம்பர் கடைசியில் திரும்பிப் போனது. ஆவணத்தில் முற்றுகை 7149இல் தொடங்கி 7150இல் முடியும். இரண்டுக்கும் 5508ஐயே கழித்தால் முற்றுகை 1642 செப்டம்பர் வரை நீண்டதுபோல் ஆகிவிடும். கோசாக்குகள் அசோவை விட்டு வெளியேறியதும் 1642இல்தான் என்பதால் இந்தத் தப்பு கண்ணில் படாது, பொருத்தமாகவே தோன்றும். செப்டம்பர் தேதிக்கு 5509 கழியுங்கள்; 1641 கிடைக்கும்.

1918க்குப் பிறகு எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். சோவியத் அரசு ஜனவரி 31க்கு அடுத்த நாளைப் பிப்ரவரி 14 என்று மாற்றியது. எதிர்த்தரப்பில் நின்ற டான் அரசு, வெள்ளைப்படை வட்டாரங்களில் பழைய தேதியே புழங்கியது. அத்தமான் கலேதின் தன்னைச் சுட்டுக்கொண்டது ஒரு நூலில் ஜனவரி 29, இன்னொன்றில் பிப்ரவரி 11. இரண்டும் ஒரே நாள். எழுதும்போது இரண்டையும் சாய்கோட்டால் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

எல்லையும் உட்பிரிவும்

மாகாணத்தின் பரப்பு கடைசிக் காலத்தில் சுமார் 1,64,000 சதுர கிலோமீட்டர். இந்த எண்ணை 1888க்கு முன் பயன்படுத்தக் கூடாது. 1887 மே மாதம் வந்த ஒரு சட்டத்தின்படி, எக்கத்தெரினோஸ்லாவ் மாகாணத்திலிருந்த ரோஸ்தோவ் வட்டமும் தாகன்ரோக் நகராட்சிப் பகுதியும் டான் படை மாகாணத்தோடு சேர்க்கப்பட்டன. நடைமுறைக்கு வந்தது 1888 ஜனவரி 1. அதனால்தான் சில நூல்களில் 1887 என்றும் சிலவற்றில் 1888 என்றும் இருக்கும். சட்டத்தைச் சொல்கிறீர்களா, நடைமுறையைச் சொல்கிறீர்களா என்று பார்த்து எழுதுங்கள்.

இந்தச் சேர்க்கை மாகாணத்தின் முகத்தையே மாற்றியது. 1897இல் ரோஸ்தோவில் மட்டும் ஏறத்தாழ 1,19,000 பேர். தலைநகரமான நோவோச்செர்காஸ்கில் சுமார் 52,000 பேர்தான். துறைமுகமும் ஆலைகளும் தானிய வணிகமும் ரோஸ்தோவ், தாகன்ரோக் பக்கம். ஆக, 1880ஆம் ஆண்டின் மக்கள்தொகையை 1897ஓடு ஒப்பிட்டு, கோசாக் நிலத்துக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள் என்று எழுதுவதற்கு முன், கோடு நகர்ந்ததால் எத்தனை, குடியேற்றத்தால் எத்தனை என்று பிரித்தாக வேண்டும். ஒக்ருக் எனப்படும் மாவட்ட வாரியான எண்களை எடுத்து, ரோஸ்தோவ் ஒக்ருக்கையும் தாகன்ரோக் நகரத்தையும் கழித்துவிட்டு ஒப்பிட்டால் ஓரளவு நியாயமான எண் கிடைக்கும்.

ஒக்ருக் என்பது மாவட்டம். 1888க்குப் பிறகு ஒன்பது இருந்தன: செர்காஸ்க், முதல் டான், இரண்டாம் டான், உஸ்த்-மெத்வேதித்சா, ஹப்யோர், டோனெட்ஸ், சால்ஸ்க், ரோஸ்தோவ், தாகன்ரோக். சால்ஸ்க் 1884இல் கல்மிக் மாவட்டத்திலிருந்து உருவானது. பழைய மியுஸ் ஒக்ருக், தாகன்ரோக்கோடு சேர்ந்து மறைந்துபோனது. மேல் டான் என்று ஓர் ஒக்ருக் 1918இல்தான் வருகிறது. பேரரசுக் கால வரைபடத்தில் அதைத் தேடாதீர்கள்.

டோனெட்ஸ் ஒக்ருக்கைப் பார்த்ததும் இன்றைய டோனெட்ஸ்க் நகரத்தை நினைக்கிறவர்கள் நிறைய. அந்த ஒக்ருக்குக்குப் பெயர் தந்தது டோனெட்ஸ் ஆறு. அதன் தலைமை ஊர் காமென்ஸ்காயா, இன்றைய காமென்ஸ்க்-ஷாக்தின்ஸ்கி. டோனெட்ஸ்க் நகரம் அப்போது யூசோவ்கா என்ற பெயரில் பக்கத்து எக்கத்தெரினோஸ்லாவ் மாகாணத்தில் இருந்தது. அதையடுத்துள்ள மக்கேயேவ்கா மட்டும் டான் படை மாகாணத்துக்குள் இருந்தது. அதேபோல் யாரோஸ்லாவ் பக்கம் இன்னொரு ரோஸ்தோவும் உண்டு. ஆவணத்தில் ‘டான் கரை ரோஸ்தோவ்’ என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஊரைத் தேடிப் பிடிப்பது

கோசாக் பெரிய ஊர் ஸ்தனீத்சா. அதன் எல்லைக்குட்பட்ட சிற்றூர் ஹூத்தர். குடியானவர் ஊர் ஸ்லபதா. ஊரின் வகையைப் பார்த்தாலே அங்கே யார் வாழ்ந்தார்கள் என்று ஊகிக்கலாம். ஒரே பெயரில் பல ஹூத்தர்கள் இருப்பதால், ஹூத்தர், ஸ்தனீத்சா, ஒக்ருக் மூன்றையும் சேர்த்துக் குறிக்காமல் எந்த ஊரையும் பதிவுசெய்யாதீர்கள். 1915இல் வெளியான மாகாண ஊர்களின் அகரவரிசைப் பட்டியல் இதற்குக் கைகொடுக்கும்.

பிறகு பெயர் மாற்றங்களைச் சரிபாருங்கள். 1644 முதல் படையின் தலைமை ஊராக இருந்த செர்காஸ்க் வசந்தகால வெள்ளத்தில் ஆண்டுதோறும் மூழ்கியதால், அத்தமான் பிளாத்தோவ் 1805இல் மேட்டுநிலத்தில் நோவோச்செர்காஸ்கை நிறுவினார். பழைய ஊர் ஸ்தாரோச்செர்காஸ்காயா ஆனது. ஆகவே 1805க்கு முன் ‘செர்காஸ்க்’ என்றால் பழையது. அரசுக்கு எதிராகக் கலகம் நடத்திய புகச்சோவ் பிறந்த சிமவேய்ஸ்காயா, கலகம் அடங்கிய பின் பத்தோம்கின்ஸ்காயா என்று பெயர் மாற்றப்பட்டது. அலெக்சாந்தரோவ்ஸ்க்-குருஷேவ்ஸ்கி இன்றைய ஷாக்தி. வெலிகோக்னியாஷெஸ்காயா இன்றைய புரோலெத்தார்ஸ்க். உஸ்த்-மெத்வேதித்ஸ்காயா இன்றைய செராஃபிமோவிச். அது இன்று வோல்கோகிராத் மாகாணத்தில் இருக்கிறது. சில ஊர்களை இன்றைய வரைபடத்தில் பார்க்கவே முடியாது. 1952இல் சிம்லியான்ஸ்க் நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய சிம்லியான்ஸ்காயா உட்படப் பல கரையோர ஊர்கள் தண்ணீருக்குள் போய்விட்டன. ஊர் கிடைக்காவிட்டால் ஆவணத்தைச் சந்தேகிப்பதற்கு முன் நீர்த்தேக்கத்துக்கு முந்தைய வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்.

நிலக் கணக்கு

1835ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் ஆண் கோசாக்குக்கு 30 தெசியாத்தினா நிலம் என்று வரையறுத்தது. ஒரு தெசியாத்தினா 1.0925 ஹெக்டேர், ஆக, 30 என்பது ஏறத்தாழ 32.8 ஹெக்டேர், 81 ஏக்கர். இந்த எண்ணை எடுத்து “ஒவ்வொரு கோசாக்கும் 81 ஏக்கர் வைத்திருந்தார்” என்று எழுதுவது மிகவும் பரவலான தப்பு. அது சட்டம் வைத்த அளவுகோல். கையில் கிடைத்த பங்கு வேறு. ஸ்தனீத்சாவின் பொது நிலம் ‘யூர்த்’. அதிலிருந்து பிரித்துக் கொடுக்கப்படும் ஆள்பங்கு ‘பாய்’. யூர்த்தின் எல்லை நகராது, பங்கு கேட்கும் ஆண்களின் எண்ணிக்கை மட்டும் கூடிக்கொண்டே போகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல ஸ்தனீத்சாக்களில் ஒருவருக்கு 30இல் பாதிகூடக் கிடைக்கவில்லை. அதிலும் மணலும் உவர்நிலமும் சேர்த்தி. எனவே நில அளவு எழுதும்போது ஆண்டு, ஸ்தனீத்சா, அது அளவுகோலா உண்மைப் பங்கா என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

பங்கு நிலம் கோசாக்கின் சொத்து அல்ல, விற்க முடியாது. அதிகாரிகளின் கதை வேறு. அவர்களுக்குப் பதவிக்கேற்ற பெரிய மனைகள் ஆயுட்காலத்துக்கு ஒதுக்கப்பட்டன. பிறகு அவை பரம்பரைச் சொத்தாகவே ஆகிவிட்டன. கோசாக்குகளுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது என்று விளக்க நினைத்தால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இன்னொரு வேர் 1798இல் இருக்கிறது: அந்த ஆண்டில் கோசாக் அதிகாரிப் பதவிகள் முறைப்படைப் பதவிகளுக்குச் சமமாக்கப்பட்டன, அதிகாரிக் குடும்பங்கள் பிரபு வர்க்கத்துக்குள் நுழைந்தன.

கோசாக் அல்லாதவர்களை எழுதும்போது இரண்டு வகையைக் கலந்துவிடாதீர்கள். முதல் வகை டான் நிலப்பிரபுக்களின் குடியானவர்கள்; 1796 டிசம்பரில் பால் போட்ட ஆணையால் நிலத்தோடு கட்டுண்டு, 1861இல் விடுதலை பெற்றவர்கள். இரண்டாவது வகை ‘இனகரோத்னியே’, அதாவது வெளியூர்க்காரர்கள். 1868ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இவர்கள் படை நிலத்தில் வீடு வாங்கலாம். அடிமனை மட்டும் படைக்கே சொந்தம், அதற்கு ஆண்டுதோறும் சாஷென் என்ற பழைய ரஷ்ய அளவுப்படி வாடகை கட்ட வேண்டும். கூரை தன்னுடையது, தரை அடுத்தவருடையது என்ற இந்த நிலைமைதான் 1917, 1918 மோதல்களுக்குள் நீண்டது. கல்மிக்குகளை இந்த இரண்டு வகையிலும் சேர்க்காதீர்கள். டான் கல்மிக்குகள் பௌத்தர்களாக இருந்தபடியே கோசாக் அடுக்கில் பதிவானவர்கள். கோசாக் என்றால் ரஷ்யர், ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர் என்று எழுதினால் இவர்களையும், அரசுத் திருச்சபையின் மாற்றங்களை ஏற்காத பழைய சடங்குமுறைக்காரர்களையும் ஒரே வரியில் அழித்துவிடுவீர்கள்.

ஒருவரின் படைச்சேவையைக் கணக்கிடுவது

1870களில் வந்த சட்டத்தின்படி சேவை மொத்தம் 20 ஆண்டு. 18 வயதில் தொடக்கம்: 3 ஆண்டு ஆயத்தம், 12 ஆண்டு களச்சேவை, 5 ஆண்டு சேமப்படை. களச்சேவையின் 12 ஆண்டு நான்கு நான்காக மூன்று வரிசை. 1860இல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1878 முதல் 1880 வரை ஆயத்தம். 1881 முதல் 1884 வரை முதல் வரிசை. ரெஜிமென்ட்டில் நேரடிச் சேவை. 1885 முதல் 1888 வரை இரண்டாம் வரிசை. வீட்டில் இருக்கலாம், ஆனால் குதிரையும் ஆயுதமும் தயாராக இருக்க வேண்டும். 1889 முதல் 1892 வரை மூன்றாம் வரிசை. ஆயுதம் வேண்டும், குதிரை கட்டாயமில்லை. 1893 முதல் 1897 வரை சேமப்படை. பிறந்த மாதத்தைப் பொறுத்து ஓராண்டு முன்பின் நகரலாம்.

குதிரை, சீருடை, சேணம், வாள் எல்லாம் சொந்தச் செலவு. நிலப்பங்கு குறையக் குறைய இந்தச் செலவு அப்படியே நின்றதுதான் கடைசித் தலைமுறைக் கோசாக் குடும்பங்களின் பெரும் சுமை. நிலக் கணக்கையும் சேவைக் கணக்கையும் தனித்தனி அத்தியாயமாக வைத்தால் இது தெரியாமலே போய்விடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பதவிப் பெயரிலும் ஒரு பொறி உண்டு. ‘வோய்ஸ்கவோய் ஸ்தர்ஷினா’ 1884க்கு முன் மேஜருக்குச் சமம். அந்த ஆண்டில் மேஜர் பதவி ஒழிக்கப்பட்ட பின் லெப்டினன்ட் கர்னலுக்குச் சமம். ‘அத்தமான்’ என்ற சொல்லையும் தனியாக விடக்கூடாது. பழைய காலத்தில் பேரவையான குரூக் தேர்ந்தெடுத்தவர் படை அத்தமான். முதலாம் பீட்டர் காலத்தில் அந்த உரிமை பறிபோய், அரசே அத்தமானை நியமிக்கத் தொடங்கியது. பிற்காலத்தில் அந்த நியமனப் பதவிக்கு ‘நகாஸ்னோய் அத்தமான்’ என்று பெயர். 1848இல் ஹமுத்தோவ் வந்ததிலிருந்து கோசாக் அல்லாத தளபதிகளும் அந்த இடத்துக்கு வந்தார்கள். ஸ்தனீத்சா அத்தமான் மட்டும் தொடர்ந்து ஊர்க் கூட்டத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1917 ஜூனில் குரூக் கலேதினைத் தேர்ந்தெடுத்தபோது இரண்டு நூற்றாண்டு கழித்துப் பழைய உரிமை திரும்பி வந்தது. ‘அத்தமான்’ என்று மட்டும் எழுதிவைத்தால் அந்த நாளின் கனம் வாசகருக்குப் புரியவே புரியாது.

ஆவணம் எங்கே இருக்கிறது

எந்தத் துறை ஆண்டதோ அந்தத் துறையின் கோப்புகளில்தான் காகிதம் கிடைக்கும். 1721 வரை டான் விவகாரங்களை ரஷ்ய அரசு வெளியுறவாக நடத்தியது. அதனால் 17ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள் மாஸ்கோவில் பழைய ஆவணங்களுக்கான அரசுக் காப்பகத்தில், 111ஆம் தொகுப்பான ‘டான் விவகாரங்கள்’ என்பதில் உள்ளன. 1721இல் பொறுப்பு ‘ராணுவக் கொலீஜியம்’ என்ற அரசுத் துறைக்கு மாறியது. பிற்காலத்தில் போர் அமைச்சகம். மற்ற மாகாணங்களைப்போல் உள்துறை அமைச்சகத்தின் தொகுப்பில் தேடினால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். போர் வரலாற்றுக் காப்பகத்தின் 330ஆம் தொகுப்பு கோசாக் படைகளின் தலைமை நிர்வாகத்தினுடையது. உள்ளூர் நிர்வாகக் காகிதங்கள் ரோஸ்தோவ் மாகாணக் காப்பகத்தில். வட ஒக்ருக்குகளின் தேவாலயப் பதிவேடுகளை வோல்கோகிராத்திலும் தேட வேண்டும்.

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் வழக்கமாக வரிக் கணக்கெடுப்புப் பட்டியல்களில் தொடங்குவார்கள். கோசாக்குகள் தலைவரி கட்டாதவர்கள். அந்தப் பட்டியல்களில் கிடைப்பவர்கள் டான் குடியானவர்கள். கோசாக்குக்குத் தேவாலயப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடும், அதிகாரியாக இருந்தால் சேவைப் பட்டியலும்தான் வழி. பதிவேடு இரண்டு படி எழுதப்பட்டது: ஒன்று தேவாலயத்தில், மற்றது மறைமாவட்ட அலுவலகத்தில். ஒன்று எரிந்திருந்தால் மற்றதைக் கேளுங்கள். 1829க்கு முன் டான் தேவாலயங்கள் வரோனெஷ் மறைமாவட்டத்தின் கீழ் இருந்தன என்பதையும் நினைவில் வையுங்கள்.

மின்பட்டியலில் தேடும்போது 1918க்கு முந்தைய எழுத்துமுறையையும் போட்டுப் பாருங்கள். ‘தொன்ஸ்கோவோ’ என்று ஒலித்தாலும் இன்று ‘தொன்ஸ்கோகோ’ என்று எழுதப்படும் சொல் பழைய அச்சில் ‘தொன்ஸ்ககோ’ என்று இருக்கும். மெய்யில் முடியும் சொல்லின் கடைசியில் ஒலிக்காத ஒரு குறி கூடுதலாக நிற்கும். இரண்டு வடிவத்திலும் தேடாவிட்டால் ஆண்டு நினைவேடுகளும் மாகாண அரசிதழும் பாதிக்கு மேல் கண்ணில் படாமல் போகும். 1897 கணக்கெடுப்பின் டான் தொகுதி 12ஆவது, அச்சானது 1905. அதை மேற்கோள் காட்டும்போது எண்ணுக்கு 1897 என்றும் நூலுக்கு 1905 என்றும் தனித்தனியே குறியுங்கள்.